கேட் டிசைனிலிருந்து கேம் புரோகிராமுக்கு: கண்களை நம்பாதீர்கள், எண்களை நம்புங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இன்டர்நெட், மெயில், வேர்ட், எக்ஸெல் எல்லாம் பழகிய பின்னர், "இதில் வேறு என்ன செய்யலாம்?" என்று கேட்பார்கள். பாலிடெக்னிக் அல்லது இன்ஜினியரிங் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு நான் சொல்லும் பதில் இதுதான். ஒரு பொருளை முப்பரிமாணத்தில் வரையுங்கள். அதனைப் பட்டறையில் கொடுத்து உலோகத்தில் வெட்டி வாங்குங்கள். இதற்கான புரோகிராம்கள் இன்று இலவசமாகவே கிடைக்கின்றன.

ஆனால் வரைந்த ஃபைலைப் பட்டறைக்கு அனுப்பிய பின்னர்தான் பலருக்கும் சிக்கல் தொடங்குகிறது. "உங்கள் ஃபைலில் ஓட்டை இருக்கிறது", "சாலிட் ஆக வரவில்லை, வெறும் தோலாக வருகிறது", "25 மடங்கு பெரிதாக வருகிறது" என்று பதில் வரும். வீட்டுக் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தால் படம் ஒரு குறையும் இல்லாமல் தெரியும். இது எப்படி? இதனைத் தவிர்ப்பது எப்படி? ஒரு புரோகிராமில் வரைந்த மாடலை இன்னொரு புரோகிராம் படிக்க உதவும் மென்பொருள் எழுதுவதுதான் என் வேலை. அதில் தெரிந்துகொண்டதைப் புதியவர்களுக்கும் புரியும்படி இங்கே தருகிறேன்.

இது மாணவர்களுக்கு மட்டும் உள்ள தொல்லை என்று எண்ண வேண்டாம். அமெரிக்க அரசின் அளவியல் அமைப்பான நிஸ்ட்டுக்காக 1999ல் ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. கார் தயாரிப்பு நிறுவனங்களும் அவற்றுக்கு உதிரி பாகம் தருபவர்களும் டிசைன் ஃபைல்களைச் சரியாகப் பரிமாறிக்கொள்ள முடியாததால், அந்தத் துறைக்கு ஆண்டுக்குக் குறைந்தது 100 கோடி டாலர் வீணாகிறது என்று அது கணக்கிட்டது. நமக்கு வீணாவது ஓர் அலுமினிய பிளாக், ஒரு கட்டர், மெஷின் ஓடிய மணி நேரத்திற்கான கூலி. வீட்டுப் பணத்தில் அதுவும் சின்ன இழப்பு இல்லை.

கேட் என்றால் என்ன? கேம் என்றால் என்ன?

கேட் என்பது கம்ப்யூட்டரில் டிசைன் செய்யும் புரோகிராம். இங்குதான் பொருளை வரைகிறோம். கேம் என்பது அந்தப் பொருளை மெஷினில் வெட்டுவதற்கு வழி போட்டுத் தரும் புரோகிராம். (விளையாட்டு கேம் அல்ல!) கட்டர் எங்கே இறங்க வேண்டும், எந்த வழியாகப் போக வேண்டும், எந்த வேகத்தில் போக வேண்டும் என்பதை எல்லாம் கணக்கிட்டு, மெஷினுக்குப் புரியும் ஜி கோடு என்ற கட்டளைகளாக எழுதித் தரும். பட்டறையில் உள்ள விஎம்சி மெஷின் அந்தக் கட்டளைகளின்படி வெட்டும்.

சில பெரிய தொகுப்புகளில் இரண்டும் ஒன்றாகவே கிடைக்கும். ஆனால் நாம் வீட்டில் ஒரு கேட் வைத்திருப்போம். பட்டறைக்காரர் வேறொரு நிறுவனத்தின் கேம் வைத்திருப்பார். நடுவில் ஒரு ஃபைல் போக வேண்டும். அந்தப் பயணத்தில்தான் பொருளின் வடிவம் சேதமாகிறது.

திரையில் பார்ப்பது படம், ஃபைலில் இருப்பது கணக்கு

நீங்கள் டிஜிட்டல் கேமராவில் எடுத்த போட்டோ புள்ளிகளால் ஆனது என்பது தெரிந்திருக்கும். சாலிட் மாடல் அப்படி இல்லை. ஒரு பெட்டியை வரைந்தால், கம்ப்யூட்டர் அதனை ஆறு முகங்கள், பன்னிரண்டு விளிம்புகள், எட்டு முனைகள் என்று எழுதி வைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு முகத்திற்கும் ஒரு சமன்பாடு உண்டு. எந்த விளிம்பு எந்த இரண்டு முகங்களை இணைக்கிறது என்ற பட்டியலும் உண்டு. முகத்தின் எந்தப் பக்கம் உலோகம், எந்தப் பக்கம் காற்று என்ற குறிப்பும் உண்டு.

எல்லா முகங்களும் இடைவெளி இல்லாமல் ஒன்றோடொன்று சேர்ந்து, உள்ளே தண்ணீர் ஊற்றினால் ஒழுகாது என்ற நிலை இருந்தால்தான் அது சாலிட். ஓரிடத்தில் நூலிழை இடைவெளி இருந்தாலும் அது வெறும் தோல்களின் கூட்டம்தான். திரையில் இந்த வேறுபாடு தெரியாது. முகங்களுக்கு வண்ணம் பூசிக் காட்டும்போது அந்த இடைவெளி ஒரு புள்ளி அகலம்கூட இருக்காது. கண்களை நம்ப வேண்டாம் என்று சொல்வது இதனால்தான்.

ஒரு புரோகிராமில் சரி, இன்னொன்றில் ஏன் தவறு?

சாலிட் மாடல்களைக் கணக்கிடும் இதயப் பகுதியைக் கெர்னல் என்கிறோம். சாலிட்ஒர்க்ஸ், சீமென்ஸ் என்எக்ஸ் ஆகியவை பாராசாலிட் என்ற கெர்னலைப் பயன்படுத்துகின்றன. இலவசமாகக் கிடைக்கும் ஃப்ரீகேட், ஓப்பன் காஸ்கேட் என்ற கெர்னலைப் பயன்படுத்துகிறது. ஏசிஐஎஸ் என்று இன்னொன்றும் உண்டு.

இரண்டு புள்ளிகள் எவ்வளவு நெருங்கினால் அவற்றை ஒரே புள்ளியாகக் கொள்ளலாம்? இதற்கு ஒவ்வொரு கெர்னலும் ஓர் எல்லை வைத்திருக்கிறது. பாராசாலிட்டில் அது 0.00001 மிமீ. ஓப்பன் காஸ்கேட்டில் வழக்கமான எல்லை 0.0000001 மிமீ, அதாவது 100 மடங்கு கண்டிப்பானது. முதல் புரோகிராம் "இந்த இரண்டு விளிம்புகளும் சேர்ந்துவிட்டன" என்று ஏற்றுக்கொண்டதை, இரண்டாவது புரோகிராம் "இல்லை, நடுவில் இடைவெளி இருக்கிறது" என்று சொல்ல வாய்ப்பு உண்டு. இரண்டுமே அதனதன் விதிப்படி சரிதான்.

தையல்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் அளவெடுத்துத் துணியை வெட்டுகிறார். இன்னொருவர் தைக்கிறார். இருவரின் டேப்பும் கொஞ்சம் வேறுபட்டால் தையலில் இடைவெளி விழும். கேட் புரோகிராம்களிலும் பிரிந்த முகங்களைச் சேர்க்கும் கட்டளைக்கு ஸ்டிட்ச், சியூ, நிட் என்று தையல் வேலையின் பெயர்களையே வைத்திருக்கிறார்கள்.

எந்த ஃபைல் வகையில் அனுப்புவது?

பாதிப் பிரச்னை இங்கேயே தீர்ந்துவிடும். கீழே உள்ள வரிசையில் முயன்று பாருங்கள்.

1. பட்டறையின் கேம் புரோகிராம் உங்கள் கேட் ஃபைலை நேரடியாகத் திறக்குமா என்று கேளுங்கள். திறக்கும் என்றால் அதையே கொடுங்கள். இரண்டு புரோகிராம்களும் பாராசாலிட் கெர்னலில் இயங்கினால், பாராசாலிட் ஃபைலாகச் சேமித்துக் கொடுக்கலாம். மொழிபெயர்ப்பே இல்லாததால் சேதமும் மிகக் குறைவு.

2. அடுத்தது ஸ்டெப். இது ஐஎஸ்ஓ 10303 என்ற உலகத் தரம். இதன் முதல் பகுதிகள் 1994ல் வெளிவந்தன. சாலிட் என்ற தகவலையும் அளவு அலகையும் சேர்த்தே எடுத்துச் செல்லும். இதில் ஏபி203, ஏபி214, ஏபி242 என்ற பிரிவுகள் உண்டு. வெறும் வடிவத்தை அனுப்ப இவற்றில் எதுவும் போதும். பழைய கேம் புரோகிராம் என்றால் ஏபி214 அல்லது ஏபி203 தேர்ந்தெடுக்கவும்.

3. ஐஜெஸ். இது 1980ல் வந்த பழைய தரம். கடைசிப் பதிப்பான 5.3 வெளியானது 1996ல். பெரும்பாலும் முகங்களைத் தனித்தனியாகத்தான் எழுதும். மறுமுனையில் தைத்துச் சேர்க்க வேண்டியிருக்கும். பட்டறைக்காரர் கேட்டால் மட்டும் கொடுங்கள்.

4. எஸ்டிஎல். இது 3டி பிரிண்டருக்காக 1987ல் உருவானது. எந்த வடிவத்தையும் சிறு முக்கோணங்களாக உடைத்துவிடும். எஸ்டிஎல் ஃபைலில் உண்மையான வட்டம் என்பதே கிடையாது. இது மில்லிமீட்டரா, இன்ச்சா என்ற தகவலும் கிடையாது. 3டி பிரிண்டுக்குக் கொடுங்கள். மெஷினில் துல்லியமாக வெட்ட வேண்டிய பொருளுக்குக் கொடுக்காதீர்கள்.

எஸ்டிஎல் ஏன் ஆகாது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. 10 மிமீ விட்டமுள்ள துளையை எஸ்டிஎல் 12 பக்கங்களாக உடைப்பதாகக் கொள்வோம். மூலைகள் வட்டத்தின் மேல் இருக்கும். ஆனால் பக்கத்திற்குப் பக்கம் அளந்தால் 9.66 மிமீதான் இருக்கும். அதை அப்படியே வெட்டினால் 10 மிமீ பின் உள்ளே போகாது. 36 பக்கங்களாகப் பிரித்தாலும் 9.96 மிமீதான். அது மட்டுமல்ல, அது ஒரு துளை என்பதே கேம் புரோகிராமுக்குத் தெரியாது. தெரிந்தால் அல்லவா "ட்ரில் போடு" என்று சொல்லும்?

வரையும்போதே கவனிக்க வேண்டியவை

ஃபைல் வகை சரியாக இருந்தாலும் மாடலே நோயாளியாக இருந்தால் பயன் இல்லை. கீழ்க்கண்ட பழக்கங்களை முதல் நாளிலிருந்தே கடைப்பிடியுங்கள்.

துளை போடும் உருளை, பிளாக்கின் இரு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். 20 மிமீ கனமுள்ள பிளாக்கில் சரியாக 20 மிமீ உயர உருளையை வைத்துக் கழித்தால், அது 0.001 மிமீ தள்ளி அமர்ந்தாலும் துளையின் அடியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு தோல் நின்றுவிடும். துளை முழுதும் ஊடுருவவில்லை என்று கேம் எடுத்துக்கொள்ளும்.

இரண்டு பகுதிகளை இணைக்கும்போது ஒன்றுக்குள் ஒன்று சிறிது புகுந்திருக்கட்டும். மேற்பரப்பில் தொட்டுக்கொண்டிருப்பதாகத் தோன்றும் இரண்டு பகுதிகளுக்கு இடையே நூலிழை இடைவெளி இருக்கலாம். அப்போது இரண்டு தனித்தனி சாலிட்கள் போய்ச் சேரும்.

இரண்டு பெட்டிகள் ஒரு விளிம்பில் மட்டும் தொடும்படி வரையாதீர்கள். அந்த விளிம்பில் உலோகத்தின் கனம் பூஜ்யம். அப்படி ஒரு பொருளை உலகில் எந்த மெஷினாலும் செய்ய முடியாது. பல கெர்னல்கள் அதனைச் சாலிட் என்றே ஏற்பதில்லை.

மூலைகளை உருண்டையாக்கும் ஃபில்லட் வேலையைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். 10 மிமீ கனமுள்ள தகட்டின் மேலும் கீழும் சரியாக 5 மிமீ ஃபில்லட் கொடுத்தால், இரண்டும் நடுவில் ஒரே கோட்டில் சந்திக்கும். நடுவில் இருந்த சமதள முகம் பூஜ்ய அகலமாகிவிடும். இதுபோன்ற இடங்களில்தான் மாடல்கள் அதிகம் உடைகின்றன. 4.5 மிமீ கொடுத்தால் தொல்லை இல்லை.

மிக மெல்லிய கீற்று முகங்களைத் தவிர்க்கவும். ஒரு விளிம்பு 30 என்றும், அதை ஒட்டிய விளிம்பு 29.998 என்றும் இருந்தால், நடுவில் 0.002 மிமீ அகலத்தில் ஒரு முகம் பிறக்கும். அளவுகளை மவுஸால் இழுத்து அமைக்காமல் கீபோர்டில் எண்ணாக டைப் செய்தால் இந்தக் கீற்றுகள் வராது.

செய்து பார்க்கலாம்

ஃப்ரீகேட் புரோகிராமை அதன் தளத்திலிருந்து இலவசமாகத் தரவிறக்கி நிறுவிக்கொள்ளுங்கள். இதன் 1.0 பதிப்பு 2024 நவம்பரில் வெளிவந்தது. இதிலேயே கேம் என்ற பிரிவும் இருக்கிறது.

புதிய டாக்குமெண்ட் ஒன்றைத் திறந்து, மேலே ஒர்க்பெஞ்ச் பட்டியலில் பார்ட் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். டூல்பாரில் க்யூப் ஐகானைக் கிளிக் செய்திடவும். இடது பக்கம் கீழே உள்ள டேட்டா டேபில் நீளம் 100, அகலம் 60, உயரம் 20 என்று டைப் செய்திடவும். இதுதான் நம் பிளாக்.

அடுத்து சிலிண்டர் ஐகானைக் கிளிக் செய்திடவும். ரேடியஸ் 5, உயரம் 30 கொடுங்கள். பிளேஸ்மென்ட் என்பதை விரித்து, பொசிஷனில் எக்ஸ் 15, ஒய் 15, இசட் -5 என்று கொடுங்கள். உருளை மேலும் கீழும் 5 மிமீ நீட்டிக்கொண்டிருப்பதைக் கவனியுங்கள். இதேபோல் இன்னும் மூன்று உருளைகளை (85, 15), (15, 45), (85, 45) ஆகிய இடங்களில் அமைக்கவும். எல்லாவற்றிற்கும் இசட் -5தான்.

இப்போது கண்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு நான்கு உருளைகளையும் தேர்ந்தெடுத்து, பார்ட் மெனுவில் பூலியன், யூனியன் கொடுங்கள். பின்னர் முதலில் பிளாக்கையும் அடுத்து அந்த யூனியனையும் தேர்ந்தெடுத்து, பூலியன், கட் கொடுங்கள். நான்கு மூலைகளிலும் துளையுள்ள பிளாக் தயார்.

அடுத்து மாடலைத் தேர்ந்தெடுத்து, பார்ட் மெனுவில் செக் ஜியோமெட்ரி என்பதைக் கிளிக் செய்திடவும். குறை இருந்தால் எந்த முகத்தில், எந்த விளிம்பில் என்று பட்டியலிடும். பட்டியலில் உள்ள வரியைக் கிளிக் செய்தால் அந்த இடம் படத்தில் காட்டப்படும். செல்ஃப் இன்டர்செக்ட் என்று வந்தால் ஒரு முகம் இன்னொரு முகத்தை, அல்லது தன்னையே வெட்டிக்கொண்டு போகிறது என்று பொருள். குறையை வரைந்த இடத்திலேயே திருத்துங்கள். "அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்று அனுப்பினால், பட்டறைக்காரருக்கு அந்த ஃபில்லட்டையோ துளையையோ திருத்தும் வசதி இருக்காது. ஸ்டெப் ஃபைலில் நீங்கள் வரைந்த வரலாறு போகாது. முடிவான வடிவம் மட்டும்தான் போகும்.

இப்போது கட் என்ற அந்த ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து, ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் சென்று, ஸ்டெப் வகையில் சேமிக்கவும். எதையெல்லாம் தேர்ந்தெடுத்தீர்களோ அவைதான் ஃபைலில் போகும். உதவிக்கு வரைந்த பெட்டிகளையும் மறைத்து வைத்த பகுதிகளையும் சேர்த்து அனுப்பிவிட வேண்டாம்.

மூன்று எண்கள்

இனி இந்தக் கட்டுரையின் முக்கியமான பகுதி. அனுப்பும் முன் உங்கள் மாடலுக்கான மூன்று எண்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

முதலாவது, எண்ணிக்கை. எத்தனை சாலிட், எத்தனை முகங்கள்? நம் பிளாக்கில் சாலிட் 1. முகங்கள் பிளாக்கிற்கு 6, துளைகளுக்கு 4, ஆக 10.

இரண்டாவது, வெளி அளவு. 100 x 60 x 20 மிமீ.

மூன்றாவது, கன அளவு. முழு பிளாக் 100 x 60 x 20 = 1,20,000 கன மிமீ. ஒரு துளை 3.1416 x 5 x 5 x 20 = 1570.8. நான்கு துளைகளுக்கு 6283.2. கழித்தால் 1,13,716.8 கன மிமீ. உங்கள் மாடலின் கன அளவைப் புரோகிராமே சொல்லும். ஃப்ரீகேட்டில் ஆட்ஆன் மேனேஜர் வழியாக எஃப்சி இன்ஃபோ என்ற மேக்ரோவை நிறுவிப் பார்க்கலாம். சாலிட்ஒர்க்ஸில் மாஸ் ப்ராப்பர்ட்டீஸ் என்ற கட்டளை உண்டு.

இனி ஒரு புதிய டாக்குமெண்ட் திறந்து, ஃபைல் மெனுவில் இம்போர்ட் மூலம் நீங்கள் சேமித்த ஸ்டெப் ஃபைலையே மீண்டும் உள்ளே கொண்டுவாருங்கள். மூன்று எண்களையும் மறுபடி பாருங்கள். பொருந்தினால் ஃபைல் சரியாக எழுதப்பட்டிருக்கிறது. பட்டறைக்கு அனுப்பும் மெயிலிலும் இந்த மூன்று எண்களைச் சேர்த்து எழுதுங்கள். அவர் தன் கேம் புரோகிராமில் திறந்ததும் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். இரண்டு நிமிட வேலை. மெஷின் ஓடும் முன்பே தவறு பிடிபட்டுவிடும்.

எண்கள் பொருந்தாவிட்டால் காரணத்தையும் அந்த எண்களே சொல்லும்.

வெளி அளவு 100க்குப் பதில் 2540 அல்லது 3.937 என்று வந்தால், மில்லிமீட்டரும் இன்ச்சும் மாறிவிட்டன. ஓர் இன்ச் என்பது 25.4 மிமீ. 1000 மடங்கு வேறுபாடு என்றால் மீட்டரும் மில்லிமீட்டரும் மாறியிருக்கின்றன. கேமில் இம்போர்ட் செய்யும்போது சரியான அலகைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

கன அளவு பூஜ்யம் அல்லது எண்ணே வரவில்லை என்றால், அது சாலிட் இல்லை. முகங்கள் பிரிந்து கிடக்கின்றன. கன அளவு மைனஸ் எண்ணாக வந்தால், முகங்கள் உள்பக்கம் வெளியாகத் திரும்பியிருக்கின்றன. உலோகம் உள்ள பக்கத்தைக் காற்று என்று கேம் நினைத்துக்கொள்ளும்.

சாலிட் எண்ணிக்கை 2 அல்லது 3 என்று வந்தால், இணைக்காமல் விட்ட பகுதி இருக்கிறது. அல்லது தேவையில்லாதது சேர்ந்து போயிருக்கிறது.

முகங்கள் 10க்குப் பதில் 14 என்று வந்து, கன அளவு மட்டும் அப்படியே இருந்தால் பயப்பட வேண்டாம். சில புரோகிராம்கள் துளையின் சுவரை இரண்டு அரை உருளைகளாகப் பிரித்து எழுதும். வடிவம் அதேதான்.

முகங்கள் குறைந்திருந்தால் மட்டும் மிகவும் எச்சரிக்கையாக இருங்கள். ஒரு முகம் காணாமல் போன இடத்தில் கட்டரை நிறுத்துவதற்கு எதுவும் இல்லை. மேற்பரப்பைத் தடவிக்கொண்டு போகும் வகை வெட்டில், கட்டர் அந்த ஓட்டை வழியாக நல்ல உலோகத்திற்குள் இறங்கிவிடும். பொருள் வீணாகும். கட்டர் உடையும்.

கன அளவு 1,14,000 என்று சிறிது கூடுதலாக வந்தால் என்ன நடந்திருக்கும்? மேலே சொன்ன எஸ்டிஎல் கணக்கை நினைத்துப் பாருங்கள். 12 பக்கத் துளையின் பரப்பு 78.54க்குப் பதில் 75 சதுர மிமீ. நான்கு துளைகளுக்கும் சேர்த்து 6000 கன மிமீதான் குறையும். மீதி 1,14,000. நடுவில் யாரோ எஸ்டிஎல் ஆக மாற்றியிருக்கிறார்கள் என்று எண்ணை வைத்தே சொல்லிவிடலாம்.

நோட்பேடில் ஒரு சோதனை

ஸ்டெப் ஃபைல் வெறும் டெக்ஸ்ட் ஃபைல்தான். அதன் மேல் ரைட் கிளிக் செய்து, ஓப்பன் வித் என்பதில் நோட்பேடைத் தேர்ந்தெடுத்துத் திறந்து பாருங்கள். முதல் வரியிலேயே ஐஎஸ்ஓ 10303 என்று இருக்கும். கண்ட்ரோல் + எஃப் அழுத்தி இன்ச் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து தேடுங்கள். கிடைத்தால் ஃபைல் இன்ச் அளவில் எழுதப்பட்டிருக்கலாம். அந்த வரியைக் கவனித்துப் படியுங்கள். அடுத்து மேனிஃபோல்ட் என்ற சொல்லைத் தேடுங்கள். மேனிஃபோல்ட் சாலிட் பிரெப் என்ற தொடர் கிடைத்தால் உள்ளே சாலிட் இருக்கிறது. அது இல்லாமல் ஓப்பன் ஷெல் என்று மட்டும் இருந்தால், நீங்கள் அனுப்புவது மூடாத தோல். எதையும் மாற்றாமல், சேவ் செய்யாமல் மூடிவிடுங்கள்.

உங்களுக்கு வந்த ஃபைல் உடைந்திருந்தால்

அனுப்பியவரிடம் வேறு வகையில் கேட்டு வாங்குவதுதான் முதல் வழி. ஐஜெஸ் கொடுத்தவரிடம் ஸ்டெப் கேளுங்கள். வழியே இல்லை என்றால் தைக்கும் கட்டளையைப் பயன்படுத்தலாம். அதில் டாலரன்ஸ் என்று ஓர் எண் கேட்கும். எவ்வளவு அகலமான இடைவெளி வரை மூடலாம் என்பதே அதன் பொருள். முதலில் 0.001 கொடுத்துப் பாருங்கள். தேவைப்பட்டால் 0.01 வரை போகலாம். ஒரேயடியாக 0.5 என்று கொடுத்தால் ஓட்டை மூடும். அதோடு சிறிய சாம்ஃபர்களும் சின்னத் துளைகளும் சேர்ந்து நசுங்கிவிடும். தைத்த பின்னரும் மூன்று எண்களைப் பார்க்க மறக்காதீர்கள்.

ஃபைலோடு ஒரு தாள்

எந்தப் பரிமாற்றத்திலும் சில தகவல்கள் போவதில்லை. துளையில் மரை வெட்ட வேண்டும் என்று கேட் புரோகிராமில் குறித்திருப்பீர்கள். படத்தில் மரை தெரியும். ஸ்டெப் ஃபைலில் பெரும்பாலும் வெறும் வழுவழுப்பான துளையாகத்தான் போகும். பின் இறுக்கமாக இருக்க வேண்டுமா, தளர்வாக இருக்க வேண்டுமா, எந்த உலோகம், எத்தனை பீஸ் என்பதும் தெரியாது. எனவே முக்கிய அளவுகள், மரை விவரம் ஆகியவற்றுடன் ஒரு வரைபடத்தைப் பிடிஎஃப் ஆகச் சேர்த்து அனுப்புங்கள்.

எடையையும் குறிப்பிடலாம். அலுமினியம் ஒரு கன செமீக்குச் சுமார் 2.7 கிராம். நம் பிளாக் 113.7 கன செமீ. எனவே சுமார் 307 கிராம் வரும். வெட்டி வந்த பொருளை மளிகைக் கடைத் தராசில் வைத்தால்கூட, துளை ஏதும் விடுபட்டதா என்று தெரிந்துவிடும்.

இந்த பிளாக்கை ஒரு முறை வரைந்து, ஸ்டெப், ஐஜெஸ், எஸ்டிஎல் என்று மூன்று வகையிலும் சேமித்து, மூன்றையும் மீண்டும் இம்போர்ட் செய்து எண்களை ஒப்பிட்டுப் பாருங்கள். பைசா செலவில்லாத பயிற்சி இது. மூன்று படங்களும் திரையில் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். எண்கள் மட்டும் எது எப்படி என்று காட்டிக்கொடுத்துவிடும்.